ரோச் அடித்துப் பார்க்காத ஐந்து குழாய்கள்

2021 தைப்பொங்கலுக்கு மறுநாள். காலை ஏழு மணி இருக்கும். களஞ்சியப் பொறுப்பாளர் தொலைபேசியில் வந்தார்.

"சேர், ரெண்டாம் அறைக் கதவு சாத்துதில்லை. அடிப்பக்கம் நிலத்தில உரஞ்சுது."

கதவுப் பிணைச்சல் தொய்ந்திருக்கும் என்றேன். உறைகுளிர் அறைக் கதவுகள் பாரம் கூடியவை. இரண்டு வருடத்தில் தொய்வது புதினமில்லை.

"பிணைச்சல் நேற்றே பாத்தாச்சு சேர். கதவு இறங்கேல்லை. நிலம்தான் ஏறியிருக்கு."

நிலம் எப்படி ஏறும் என்று சிரித்துக்கொண்டுதான் போனேன். லெவல் கருவியை வைத்துப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. கதவடியில் தளம் 34 மில்லிமீற்றர் உயர்ந்திருந்தது. அறையின் நடுவே ஒரு முதுகு. அதன் மேல் தட்டுவண்டியை உருட்டினால் மீன் பெட்டிகள் ஒரு பக்கம் சரிந்தன.

நான் வேலை பார்த்தது கொழும்பில் தலைமையகம் உள்ள ஒரு கடலுணவு ஏற்றுமதி நிறுவனத்தில். வடமராட்சிக் கரையோரம் ஐஸ் தொழிற்சாலை, மீன் பதனிடும் மண்டபம், மைனஸ் 20 பாகையில் இரண்டு உறைகுளிர் அறைகள். நிறுவனத்தின் அளவுக்கு அது பெரிய மூலதனச் செலவு. கட்டும் காலத்தில் தரக்கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பாக இருந்தவன் நான். அந்தத் தளத்துக்கான பில்லில் 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்து வைத்தவனும் நான்தான். அதனால் இதை வேறு யாரையாவது குறை சொல்லும் கதையாக எழுத முடியாது.

யாழ்ப்பாணத்து வெயிலில் நிலம் உறைந்து வீங்கும் என்று ஒருவரும் நினைக்கமாட்டார்கள். ஆனால் மேலே வருடக்கணக்காக மைனஸ் 20 இருந்தால் குளிர் மெதுமெதுவாகக் கீழே இறங்கும். தளத்துக்கடியில் நுரைப்பலகை போட்டிருந்தாலும் அது குளிரைத் தாமதிக்குமே ஒழிய முற்றாகத் தடுக்காது. ஒருநாள் அடிமண் உறைநிலைக்கு வரும். மண்ணிலுள்ள தண்ணீர் ஐஸாகும். அந்த ஐஸ் அடியிலிருந்து இன்னும் தண்ணீரை உறிஞ்சித் தடித்துக்கொண்டு போகும். எங்கள் காணியோ கடலோரம். மாரியில் ஒரு முழம் தோண்டினால் தண்ணீர். போதாததற்கு நிரவியது செம்மண்; தண்ணீரைப் பிடித்து வைக்கும் நுண்ணிய மண்.

இதற்கு மருந்து எளியது. நுரைப்பலகைக்கும் கீழே, அறையின் குறுக்காக, இரண்டு முனையும் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும்படி பிவிசி குழாய்கள் பதிப்பார்கள். எங்கள் ஊர்க் காற்று எப்போதும் சூடுதான். அது குழாய்க்குள் ஓடிக்கொண்டிருந்தால் மண் உறையாது. ஓர் அறைக்கு 14 குழாய்கள். வரைபடத்தில் இருந்தது, பதித்தும் இருந்தார்கள்.

அன்று பின்னேரம் ஒரு பொடியனை வடக்குப் பக்கம் நிறுத்தி ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ரோச் அடிக்கச் சொல்லிவிட்டு, நான் தெற்குப் பக்கம் குந்தியிருந்து பார்த்தேன். ஒன்பது குழாய்களில் வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தது. ஐந்தில் இருட்டு. நடுவில் இருந்த நாலு குழாய்களும் தொடர்ச்சியாக இருட்டு. பொருத்துகளை ஒட்டாமல் செருகிவிட்டு மேலே கொங்கிறீற் ஊற்றியிருக்கிறார்கள். சீமெந்துப்பால் உள்ளே இறங்கி இறுகியிருக்கிறது.

அந்தச் சோதனைக்கு எனக்குப் பதினைந்து நிமிடம் சென்றது. 2018 மார்ச்சில், கொங்கிறீற் ஊற்றுமுன் செய்திருந்தாலும் அவ்வளவுதான் சென்றிருக்கும்.

ஏன் செய்யவில்லை? இந்தக் கேள்விக்கு எனக்கு நானே பதில் தேடிய கதைதான் மற்றதெல்லாம்.

எங்கள் நிறுவனத்தின் கணக்கு வருடம் மார்ச் 31 இல் முடியும். அந்த வருடத்துக்கென்று அங்கீகரித்த மூலதனக் காசு அதற்குள் செலவாகாவிட்டால் மிச்சம் காலாவதி. அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பம், மறுபடி பணிப்பாளர் சபை, மறுபடி 'ஏன் போன வருடம் செலவழிக்கவில்லை' என்ற விசாரணை. ஆகவே பெப்ரவரி பிறந்தாலே எல்லோருக்கும் கால் தரையில் நிற்காது. 2018 இல் இன்னொரு வினையும் சேர்ந்துகொண்டது. மார்ச் 30 பெரிய வெள்ளி, 31 போயா, இரண்டும் விடுமுறை. பில் வியாழன் 29 ஆம் திகதிக்குள் கொழும்பில் இருக்கவேண்டும்.

நான் அந்தச் செவ்வாய்க்கிழமை கொழும்பில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். எதற்கு என்று கேட்டால் சிரிப்பீர்கள்: திட்ட முன்னேற்ற அறிக்கை வாசிக்க. எத்தனை வீதம் வேலை முடிந்தது, எத்தனை வீதம் காசு போனது, எத்தனை நாள் பிந்தியது. மூன்று நிரல்கள், கடைசியில் 'தரம்' என்று ஒரு நிரல். அதில் மாதாமாதம் 'சரி' என்று எழுதுவோம். அந்த நிரலில் வேறொரு சொல்லை நான் கண்டதேயில்லை.

இரவு ரயிலில் ஏறிப் புதன் காலை வேலைத்தளத்துக்குப் போனால் குழாய்க்கு மேல் கொங்கிறீற் கிடக்கிறது. இரவோடு இரவாக ஊற்றிவிட்டார்கள். மேசன்மார் ஒரு மூலையில் சாரத்தை இழுத்துப் போர்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள். ஒப்பந்தகாரரின் பொறியியலாளர் செல்போனில் நாலு படம் காட்டினார். மூன்று படத்தில் குழாய்கள் வரிசையாக வடிவாகத்தான் இருந்தன. நாலாவது இருட்டில் எடுத்தது, ஒன்றும் விளங்கவில்லை. பதினொரு மணிக்குத் திட்ட முகாமையாளர் பில்லோடு வந்தார். "அண்ணை, பின்னேர பஸ்ஸிலை அனுப்பினால்தான் நாளைக்குப் போய்ச் சேரும்" என்றார். வைத்தேன் கையெழுத்தை.

வற்புறுத்தினார்கள் என்று சொல்லலாம். உண்மை அதுவல்ல. நான் நித்திரை கொள்ளாதவன், திட்டத்தில் எனக்கும் ஆசை இருந்தது, அந்தக் காசு காலாவதியாகிவிட்டால் ஐஸ் இயந்திரம் ஆறு மாதம் பிந்தும் என்று எனக்கும் தெரியும். அத்தோடு என் வருடாந்த மதிப்பீட்டை எழுதுகிறவர் அதே திட்ட முகாமையாளர்தான். அவருடைய போனஸ் திகதியில் தங்கியிருந்தது. இந்த ஏற்பாட்டில் ஒருவரும் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. கெட்ட வேலை தானாக நடக்கும்.

திருத்த வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைக்கவே களைப்பாக இருக்கிறது. அறையை வெறுமையாக்கி, மீனைக் குளிரூட்டிய வாடகைக் கொள்கலன்களுக்கு மாற்றினோம். நிலம் இளக வாரக்கணக்கில் ஆனது. இளகிய நிலம் ஒரே சீராக இறங்காது, தளத்தில் வெடிப்பு. இரண்டு குழாய்களை உயரழுத்தத் தண்ணீரால் துப்புரவாக்கினோம். மற்ற மூன்றுக்கும் தளத்தையே உடைத்தோம். முதலில் தளம் போடக் கொடுத்த காசைவிட அதைச் சரிப்படுத்தக் கொடுத்தது கூட.

ஒப்பந்தகாரரிடம் கேட்கலாமே என்பீர்கள். ஒவ்வொரு பில்லிலும் பத்து வீதம், மொத்த ஒப்பந்தத் தொகையில் ஐந்து வீதம் சேரும்வரை பிடித்து வைத்திருந்தோம். ஒப்படைத்தபோது பாதியை விட்டோம். ஒரு வருடத் திருத்தக் காலம் முடிய மீதியையும் விட்டோம். தளம் எழும்ப எடுத்ததோ இரண்டு வருடத்துக்கு மேல். பிடித்தகாசு என்பது சுவர் வெடிப்புக்கும் கூரை ஒழுக்குக்கும் நல்ல மருந்து. மெதுவாக வேலை செய்கிற பிழைகளை அது ஒன்றும் செய்யாது. உப்பு கம்பியைத் தின்பதும், குளிர் மண்ணைத் தூக்குவதும் ஒப்பந்தத்தின் திகதியைப் பார்த்து நடப்பதில்லை. அவற்றுக்கு ஒரே வழி, மூடுவதற்கு முன் பார்ப்பது.

உப்பைச் சொன்னதால் கிணற்றுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். இதில் நான் கொஞ்சம் கெட்டித்தனமாக நடந்துகொண்டேன், ஆனால் தற்செயலாக.

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. உள்ளது சுண்ணாம்புக் கல்லும் அதன் இடுக்கில் நிற்கிற மழைத்தண்ணீரும். அந்த நன்னீர் உப்புநீரின் மேல் ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால் அடியில் உப்புநீர் நாற்பது அடி ஏறும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. எங்கள் ஒப்பந்தகாரர் வேலைத்தளக் கிணற்றில் இருந்துதான் கொங்கிறீற்றுக்குத் தண்ணீர் எடுத்தார். சோதனை அறிக்கை வைத்திருந்தார், பிழையில்லாத அறிக்கை. ஒருநாள் பின்னேரம் கை கழுவப் போனபோது வாயிலும் கொஞ்சம் பட்டது. உவர். மறுநாள் காலை அதே கிணற்றில் அதே வாளி: நல்ல தண்ணீர்.

பிறகுதான் விளங்கியது. மாதிரி எடுத்தது காலையில், இரவு முழுக்க ஊறித் தெளிந்த தண்ணீரில். கொங்கிறீற் கலப்பது பத்து மணிக்குப் பிறகு. மோட்டர் ஆறேழு மணித்தியாலம் இறைத்தால் கிணறு வேறு கிணறாகிவிடும். கையில் பிடிக்கும் கடத்துதிறன் மானி ஒன்று வாங்கினேன்; தண்ணீரில் உப்புக் கூடக் கூட அது காட்டும் எண்ணும் கூடும். காலையில் 900 காட்டியது பின்னேரம் 4,000 ஐத் தாண்டியது. அதன்பின் கலவைக்கும் ஈரம் காப்பதற்கும் பவுசரில் தண்ணீர் வந்தது. 'எப்போது எடுத்த மாதிரி' என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை. எந்தச் சோதனை அறிக்கையைக் கண்டாலும் எண்ணைப் பார்க்கமுன் நேரத்தைப் பார்க்கிறேன்.

மணலும் அப்படித்தான். மணற்காட்டு மணல் கண்ணுக்கு வடிவு. காற்று அள்ளிக் குவித்த மெல்லிய மணல், கொங்கிறீற்றுக்கு அது ஆகாது. ஆற்று மணல் வன்னியிலிருந்து வரவேண்டும், கருங்கல் சல்லி வவுனியாப் பக்கமிருந்து. பகலில் வந்த லொறியும் இரவில் வந்த லொறியும் ஒரே இடத்து மணலைத்தான் கொண்டு வந்தனவா என்று தெரிய இரவிலும் படலையடியில் ஒருவர் நிற்கவேண்டும். நாங்கள் காவலாளிக்கு ஒரு கண்ணாடிச் சாடி கொடுத்தோம். லொறி வந்ததும் கொஞ்ச மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைப்பார். காலையில் மேலே படிந்திருக்கும் சேற்றின் தடிப்பைப் பார்த்தால் போதும்.

கியூப் சோதனையைப் பற்றி ஒரு பந்தி. ஊற்றும் கொங்கிறீற்றில் கொஞ்சத்தைக் கனசதுர அச்சில் வார்த்து, இறுகியபின் நசுக்கிப் பலம் பார்ப்பது அது. எங்களது கிரேட் 30 கொங்கிறீற், அதாவது பலம் 30 வரவேண்டும். மூன்று மாதம் வந்த 28 நாள் பெறுபேறுகள் எல்லாம் 36 க்கும் 37 க்கும் இடையில். எல்லோருக்கும் மகிழ்ச்சி, எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது. சோறுகூட இரண்டு நாள் ஒரே பதத்தில் வருவதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் மூன்றாவது சுமையில் நானே ஆறு கியூப் போட்டு, ஈரத்திலேயே ஆணியால் என் அடையாளத்தைக் கீறினேன். சராசரி 31. தேறியதுதான், ஆனால் அது வேறு கொங்கிறீற். கியூப் போடும் பொடியன் தன் பங்குக்கு ஒரு கரண்டி சீமெந்து கூடப் போட்டிருக்கிறான். ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லையாம், 'பெயிலானால் ஏச்சு விழும்' என்ற பயம். பெறுபேறு குறைந்தால் ஏசுகிற இடத்தில் உண்மையான பெறுபேறு வராது.

தளம் எழும்பிய பிறகு தலைமையகத்திலிருந்து உள்ளகக் கணக்காய்வாளர் ஒருவர் வந்தார். பில்லை மேசையில் விரித்து, "இது உங்கடை கையெழுத்தோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "நீங்கள் பாத்தனீங்களோ?" இல்லை என்றேன். அவர் ஏசவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாக்காமல் வைக்காட்டி என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டார். அன்று பின்னேரம் வரை இருந்து கதைத்தோம். இரண்டாம் கட்டத்துக்கு, அதாவது மூன்றாம் உறைகுளிர் அறைக்கு, நாங்கள் செய்த மாற்றங்கள் அந்த மேசையில்தான் பிறந்தன.

அவற்றில் மிகப் பெரியது பொறியியல் சம்பந்தப்பட்டதே அல்ல. கணக்குப் பகுதி வெளியிட்ட அரைப்பக்கச் சுற்றறிக்கை. ஒப்பந்தம் செய்து வேலை தொடங்கிய திட்டத்தின் மீதிக் காசு மறு விண்ணப்பம் இல்லாமல் அடுத்த வருடத்துக்குப் போகும் என்று அதில் இருந்தது. மார்ச் மாதத்து இரவுக் கொங்கிறீற்றை அந்த அரைப்பக்கம் நிறுத்தியது. நான் எழுதிய தரக் கையேடு எதுவும் அதில் காற்பங்கு வேலை செய்திருக்காது.

இரண்டாவது, என் அறிக்கை திட்ட முகாமையாளருக்குப் போகாமல் நேரே பணிப்பாளர் சபையின் கணக்காய்வுக் குழுவுக்குப் போனது. வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் எனக்கு வந்தது. ஆனால் அதற்கு ஒரு கடிவாளமும் கேட்டு வாங்கினேன்: நான் நிறுத்தினால் ஒப்பந்தகாரர் பெயர் குறித்த ஒருவரிடம் முறையிடலாம், அவர் 24 மணித்தியாலத்துக்குள் பதில் சொல்லவேண்டும். தீர்ப்பு கெதியாக வராத இடத்தில் நிறுத்தும் அதிகாரம் பகையைத்தான் வளர்க்கும்.

மூன்றாவது, 'மூடுமுன்' பட்டியல். முதலில் நான் எழுதியது 140 அம்சங்கள், பதினெட்டுப் பக்கம். ஒருவரும் வாசிக்கவில்லை, உள்ளதைச் சொன்னால் நானும் இரண்டாம் முறை வாசிக்கவில்லை. பிறகு ஒரேயொரு கேள்வியை வைத்து வெட்டினேன்: மூடிய பிறகு உடைக்காமல் இதைப் பார்க்க முடியுமா? முடியும் என்றால் வெளியே. மிஞ்சியவை பதினொன்று. கம்பிக்கு மேல் கொங்கிறீற் மறைப்பின் தடிப்பு, குழாய்ப் பொருத்துகள், நீராவித் தடுப்புப் பொலித்தீனின் மேற்படிவு, நுரைப்பலகை மூட்டுகள், குளிர்வாயுக் குழாய்களின் அழுத்தச் சோதனை என்று அப்படியே போகும். ஒவ்வொன்றுக்கும் பி.ஓ.கியூவில், அதாவது ஒப்பந்தத்தின் வேலை அளவு விலைப் பட்டியலில், தனி வரி, தனி விலை. பழைய பி.ஓ.கியூவில் 'தளம், எல்லாம் உட்பட' என்று ஒரே வரி இருந்தது. அந்த 'எல்லாம் உட்பட' என்பதற்குள்தான் என் ஐந்து குழாய்களும் புதைந்தன. தனி வரி என்றால், அளவு நாடா தெரியும்படி பகலில் எடுத்த படம் இல்லாவிட்டால் அந்த வரிக்குக் காசு இல்லை. மற்ற வரிகளுக்கு உண்டு. ஒப்பந்தகாரரும் முழு பில் சிக்கிக்கொள்ளாதே என்று இதை விரும்பினார்.

நாலாவது, களஞ்சியப் பொறுப்பாளரின் கையெழுத்து. இதைச் சொல்ல எனக்கு இன்னும் வெட்கம். 2017 இல் வரைபடத்தை விரித்து வைத்துக் கதைத்துக்கொண்டிருந்தபோது, தேத்தண்ணி கொண்டு வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "உந்தக் குழாய்க்குள்ள ஏதும் போய் அடைச்சால் எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார். அவர்தான் இவர், அப்போது உதவியாளர். நாங்கள் சிரித்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டினோம். பத்து வருடம் அந்த அறைக்குள் நின்று விறைக்கப்போகிறவரின் கேள்வி அது. இப்போது பதினொரு அம்சங்களில் ஆறுக்கு அவர் கையெழுத்து வேண்டும்.

இதெல்லாம் தாளில் நன்றாக இருந்தது. சோதனையாக 2022 வந்து சேர்ந்தது. டொலர் 200 ரூபாயளவில் இருந்து 360 க்குப் போனது. ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கிய சீமெந்துப் பை மூவாயிரத்தைத் தொட்டது. மார்ச் முடிவில் ஒருநாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. டீசலுக்கு வரிசை, பிறகு கியூஆர் அட்டை. ஒப்பந்தகாரர் விலையேற்றச் சூத்திரத்தின்படி கூட்டித் தரச் சொன்னார், கொழும்பு இழுத்தடித்தது. தரக்காரன் என்ற முறையில் நான் அவர் பக்கம் நின்று எழுதினேன். நட்டத்தில் ஓடுகிறவர் எங்கேயோ ஓரிடத்தில் அதைச் சரிக்கட்டுவார். எங்கே என்று எங்களிடம் சொல்லிவிட்டுச் செய்யமாட்டார். கடைசியில் கொடுத்தார்கள். வேலையை எட்டு மாதம் நிறுத்தியும் வைத்தார்கள். 150 மில்லிமீற்றர் சுவர்ப்பலகைக்குப் பதில் 100 போடலாம் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. மாதாந்த மின்கட்டணம் எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டு அனுப்பினேன். பிறகு அதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

மூன்றாம் அறையின் குழாய்களுக்கு மேல் ஊற்றும் நாள் 2023 கார்த்திகையில் வந்தது. இரண்டு நாள் மழை விட்ட இடைவெளி. கலவை லொறி வாசலில் சுழன்றுகொண்டு நிற்கிறது. பொறுப்பாளர் வடக்கில் ரோச்சோடு, நான் தெற்கில் குந்தியபடி. முதலாவது, வெளிச்சம். இரண்டாவது, வெளிச்சம். பதினொன்றுவரை பிசகில்லை. பன்னிரண்டாவதில் இருட்டு.

எனக்கு நெஞ்சு திக்கென்றது. நேற்றுப் பார்த்தபோது தெளிவாக இருந்த குழாய். ஒப்பந்தகாரரின் பொறியியலாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். கலவை ஏற்றி முக்கால் மணித்தியாலம் ஆகிவிட்டது. கயிற்றில் துணிப்பந்தைக் கட்டி, நீளக் கம்பியால் உள்ளே தள்ளினோம். பாதியில் ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது. இன்னும் கொஞ்சம் தள்ள, என் முழங்காலடியில் பொத்தென்று வந்து விழுந்தது ஒரு கொழுத்த தவளை. எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் தாவிப் போனது.

"சேர், உதுக்கும் என்.சி.ஆர். எழுதப் போறியளோ?" என்று பொறியியலாளர் கேட்டார். தரத்துக்கு ஒவ்வாததைக் கண்டால் நான் எழுதும் அறிக்கைதான் என்.சி.ஆர்.

எழுதினேன். குழாய் வாய்களுக்கு வலை போடும்வரை லொறி இருபது நிமிடம் காத்து நின்றது.